லிடியாவின் இறகுகள்

ஆய்கென் மெர்க்ளேயின் மாடி ஜன்னலில் தினமும் காலையில் இரண்டு இறகுப்போர்வைகள் தொங்கும். ஒன்று அவனுடையது, மற்றது அவன் மனைவி லிடியாவுடையது. லிடியா செத்து மூன்று வருஷமாகிறது. இருந்தும் ஆய்கென் ஒரு நாள் தவறாமல் அவள் போர்வையையும் ஜன்னல் விளிம்பில் போட்டு, காற்றாட வைத்து, வெயில் ஏறுவதற்குள் எடுத்து, கட்டிலில் அவள் படுத்த பக்கத்தில் விரித்துவிடுவான். கீழத்தெருப் பெண்களுக்கு இதைப் பார்த்தால் கண் கலங்கும். இப்படியும் ஒரு மனுஷனா என்று உருகுவார்கள். தங்கள் வீட்டில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் புருஷன்மார்களை நினைத்துக்கொண்டு உருகியதால், அந்த உருக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ரைன்ஹில்டே உருகவில்லை. ஊருக்கு மேலே குன்றின்மேல் இருந்த சுகவாச விடுதியில் படுக்கை, தலையணை, விரிப்பு எல்லாம் அவள் பொறுப்பு. ஐம்பத்தாறு வயது, கல்யாணமாகாதவள். உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஒழுங்காகப் படுக்கத் தெரியாது என்பது அவள் முடிவு. எழுந்த சூட்டோடு கட்டிலை மூடிப் புழுங்க வைப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. போர்வையை நட்டநடு வெயிலில் கருவாடு போலக் காயப்போடுபவர்களையும் பிடிக்காது. விருந்தாளி வரும்போது தலையணையின் உச்சியில் கையை ஓங்கி ஒரு வெட்டு வெட்டி, இரண்டு காது முளைக்க வைத்து அழகு பார்ப்பவர்களை அவள் மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஆய்கெனோடு பழக்கம் ஏற்பட்டதும் அப்படித்தான். வேலைக்குப் போகிற பேருந்திலிருந்து பார்த்தாள். அந்த ஆள் ஜன்னலில் நின்று போர்வையைக் கம்பளம் அடிக்கிற மட்டையால் அடித்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டு போக அவளால் முடியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்ப நடந்துவந்து, மணியை அழுத்தினாள்.

"அந்தப் போர்வை உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

ஆய்கென் மட்டையோடு வாசலுக்கு வந்திருந்தான். "தூசி தட்டறேன்."

"தூசி தட்டலை, தூசி பண்றீங்க. இறகோட காம்பு ஒடைஞ்சா அப்பறம் அது பொடிதான். ரெண்டு முனையையும் பிடிச்சு உதறணும். கை இருக்கில்ல?"

"லிடியாதான் உதறுவா. நான் கம்பளம் மட்டும் அடிப்பேன்."

"அப்ப போய்க் கம்பளத்தை அடிங்க."

அவன் சிரித்தான். உள்ளே வந்து காட்டிக்கொடுக்க முடியுமா என்று கேட்டான். காட்டிக்கொடுத்தாள். பிறகு காப்பி போட்டான், தண்ணீர் மாதிரி இருந்தது, அதையும் சொன்னாள். இப்படிக் குறை சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்று முடிவானது.

ரைன்ஹில்டேக்கு ஒரே ஒரு ஆசை. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கே கூச்சம். முப்பது வருஷமாக அவள் வாடகை வீட்டு ஜன்னலில் ஒற்றைப் போர்வைதான் தொங்கியது. தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் போதும், அவள் கதை முழுக்கத் தெரிந்துவிடும். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே துணியில் வாங்கிய இரண்டு புதுப் போர்வைகள் அடுத்தடுத்துத் தொங்க வேண்டும். அதில் ஒன்று அவளுடையதாக இருக்க வேண்டும். யாரோ விட்டுப்போன இடத்தில் வந்து படுத்தவளாக இல்லாமல், தனக்கென்று வாங்கியதைப் போர்த்திக்கொண்டு ஒருவன் பக்கத்தில் தூங்க வேண்டும். விடுதியில் எல்லோரிடமும் கல்யாணத்தைச் சொல்லியாகிவிட்டது. வாடகை வீட்டையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இது கெட்டால் திரும்பிப் போக அவளுக்கு ஒரு கூரை கிடையாது.

ஆகவே மார்ச் மாதம் இருவரும் பக்கத்துப் பெரிய ஊரின் படுக்கைக் கடைக்குப் போனார்கள். கடைப் பையன் என்று சொல்ல முடியாது, முப்பது வயதுக்காரன், கழுத்தில் பட்டுக் கைக்குட்டை கட்டியிருந்தான்.

"நீங்க ஒருக்களிச்சுப் படுப்பீங்களா, மல்லாந்து படுப்பீங்களா?" என்று ரைன்ஹில்டேயைக் கேட்டான்.

"அது உனக்கெதுக்கு?"

"தலையணை அதைப் பொறுத்துத்தான் அம்மா."

"தலையணை எம்பதுக்கு எம்பது சென்டிமீட்டர். உள்ள இறகு, கொஞ்சமா தூவி. வெறும் தூவி போட்டா தலை கிணத்துக்குள்ள போற மாதிரி போயிடும். நான் எப்படிப் படுத்தாலும் என் கழுத்துக்கு அது தெரியும்."

வாத்தின் நெஞ்சடியில் இருக்கும் காம்பில்லாத பஞ்சு போன்ற மென்மயிர்தான் தூவி. கடையில் அதைக் கண்ணாடிக் குடுவைகளில் போட்டு அடுக்கியிருந்தார்கள். ரைன்ஹில்டே ஒவ்வொன்றிலும் கையை விட்டாள். முதலாவதை மூடிவிட்டு "இது கோழி" என்றாள். இரண்டாவதை முகர்ந்து "இது சரியாக் கழுவாதது" என்றாள். அவன் சளைக்காமல் அடுத்த மேஜைக்கு அழைத்துப் போனான். அங்கே கட்டிலின் முழு அகலத்துக்கும் ஒரே போர்வை விரித்திருந்தது.

"இப்பல்லாம் கல்யாணம் பண்ணிக்கறவங்க இதைத்தான் கேக்கறாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு. பிரெஞ்சுக்காரங்க பழக்கம்."

ரைன்ஹில்டே அந்தப் போர்வையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ராத்திரி பூரா இழுபறி நடத்தறதுக்கா கல்யாணம் பண்ணிக்கறது? ஒருத்தருக்கு வேர்க்கும், ஒருத்தருக்கு நடுங்கும். காலையில ரெண்டு பேரும் பேசமாட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு இருந்தாத்தான் வீடு வீடா இருக்கும்."

ஆய்கென் ஓரமாக நின்று ஒரு போர்வையின் முனையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். "இது எத்தனை வருஷம் வரும்?" என்று மட்டும் கேட்டான்.

"நல்லா வெச்சுக்கிட்டா, பன்னெண்டு, பதினஞ்சு வருஷம்."

"அவ்வளவுதானா?" என்றான் ஆய்கென். அவன் முகம் சுருங்கிவிட்டது. தென் ஜெர்மனியின் சுவாபிய நாட்டில் பொட்டலம் கட்டிய சணலை அவிழ்த்து இழுப்பறையில் சுருட்டி வைக்காதவன் கிடையாது. ஆய்கெனோ அவர்களிலும் ஒரு படி மேலே. இரண்டு முழத்துக்குக் குறைந்த சணலுக்கென்று தனிப் பெட்டியே வைத்திருந்தான்.

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஆய்கென் தொண்டையைச் செருமினான். "இதை என்கிட்ட விட்டுடு. கல்யாணப் பரிசா நானே பண்ணித் தரேன். உனக்கு எப்படி வேணும்னு மட்டும் சொல்லு."

சொன்னாள். வாத்து வெள்ளை வாத்தாக இருக்க வேண்டும். உள்ளே கட்டம் கட்டமாகத் துணியால் சுவர் வைத்துத் தைத்திருக்க வேண்டும். மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்து ஒரே தையலாக ஓட்டினால் தையல் வழியே குளிர் வரும். துணி நெருக்கி நெய்ததாக இருக்க வேண்டும், நீலக்கோடு போட்டது. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் தனக்காக ஒன்று வாங்கப் போகிறான் என்ற பூரிப்பு ரைன்ஹில்டேக்கு. அதை மறைக்க, அவன் கோட்டுப் பொத்தான் கழன்றிருப்பதைப் பற்றித் திட்டினாள்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளை வரச்சொன்னான். மாடி அறையில் கட்டில் தயாராக இருந்தது. நீலக்கோட்டுத் துணியில் இரண்டு போர்வைகள், மேலுறை போடாமல், அவள் சோதித்துப் பார்ப்பதற்காகவே வெறுமனே கிடந்தன. அவளும் விடவில்லை. உள்ளங்கையால் அழுத்தினாள், விட்டவுடன் எழும்பி வந்தது. காதருகே வைத்துக் கசக்கினாள். காம்பு நொறுங்கும் சத்தம் இல்லை. முகர்ந்தாள், வெந்நீர் வாசனையும் துணி வாசனையும்தான். தூக்கிப் பார்த்தாள், கையில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது.

"எங்க பிடிச்ச இதை?"

"அலைஞ்சேன்" என்றான் ஆய்கென். அவன் காது சிவந்திருந்தது.

"பரவாயில்லை" என்றாள் ரைன்ஹில்டே. அவள் வாயிலிருந்து அதற்கு மேல் யாரும் எதுவும் வாங்கியதில்லை. அவன் கீழே சமையலறைக்குப் போனதும், இரண்டு போர்வைகளையும் உதறி ஜன்னலில் போட்டாள். அது காற்றாட வைக்கும் நேரமே இல்லை. யார் எப்படிச் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று அவற்றுக்கு நடுவில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு நின்றாள். சந்தோஷமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

எதிர்வீட்டில் ஆய்கெனின் தங்கை மெக்டில்ட் இருந்தாள். ஜன்னலைப் பார்த்துவிட்டாள். கேக் தட்டோடு தெருவைக் கடந்து படியேறி வந்தாள். ரைன்ஹில்டே அவளை எந்த இடத்தில் வைத்திருந்தாள் என்று சொல்லிவிடலாம்: தலையணையின் உச்சியில் வெட்டுகிற ஜாதி. போதாததற்குப் போர்வையைச் சலவை இயந்திரத்தில் போட்டு, ரோஜா வாசனை நீர் வேறு ஊற்றுகிறவள்.

"அடடா, என்ன அழகா வந்திருக்கு" என்று மெக்டில்ட் போர்வையைத் தடவினாள். "கழுவினா இப்படி எழும்பும்னு நான் நினைக்கவே இல்லை."

"எதைக் கழுவினா?"

"லிடியாவோட இறகைத்தான். அவ அம்மா வீட்டு வாத்து. இந்தக் காலத்துல அப்படி வாத்து எங்க இருக்கு? ஆவியில கழுவி, சலிச்சு, புதுத் துணியில அடைச்சுக் கொடுத்திருக்காங்க. அண்ணன் உன்கிட்ட சொல்லலையா?"

ரைன்ஹில்டே கையைப் போர்வையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "இதுல எது அவளோடது?"

"ரெண்டும்தான். அண்ணனோடதையும் அவளோடதையும் ஒண்ணாக் கொட்டி, கலந்து, சரிபாதியாப் பிரிச்சாச்சு. ஒருத்தருக்கு ஒசத்தி ஒருத்தருக்குத் தாழ்த்தின்னு இருக்கக்கூடாதாம். அண்ணன் மனசு அப்படி."

மெக்டில்ட் கேக்கை வைத்துவிட்டுப் போனாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட திருப்தி முதுகிலேயே தெரிந்தது.

ரைன்ஹில்டே சமையலறைக்கு வந்தபோது ஆய்கென் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அடுப்பைத் தணித்தான்.

"ஏன்யா, எங்க அலைஞ்ச? கட்டில் வரைக்கும் அலைஞ்சியா?"

"நல்ல இறகு, ரைன்ஹில்டே. கடைக்காரன் குடுவையில இருந்ததைவிட நல்ல இறகு. நீயே சொன்னியே."

"செத்தவளைப் பிரிச்சுப் பாதி உனக்கு, பாதி எனக்குன்னு தைச்சு வெச்சிருக்க. அதுக்குப் பேரு கல்யாணப் பரிசு."

"இறகு மனுஷியா? கழுவியாச்சு. ஆவியில."

"இறகு மனுஷி இல்லைன்னா மூணு வருஷம் எதுக்கு அதை ஜன்னல்ல தொங்கவிட்ட?"

ஆய்கென் கரண்டியைப் பார்த்தான். "காத்து படலைன்னா பூச்சி வெச்சிடும்."

தெருப் பெண்கள் கண்ணீர் விட்டதெல்லாம் இதற்குத்தான். ரைன்ஹில்டேக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. "ஆக, கட்டில்ல ஒரு பக்கம் காலி. படுக்கை சும்மா கெடக்குது. வீணாப் போகுதேன்னு ஆள் தேடியிருக்க. நான் தேறினேன். புருஷன்னு நெனைச்சேன், நீ ஒரு சணல் பெட்டி."

"இன்னும் நல்லா இருக்கறதை எப்படித் தூக்கிப் போடறது?"

"அப்ப நான்?"

ஆய்கென் யோசித்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்த இடத்தில் உபயோகமாக இருந்திருக்கும். "நீயும் இன்னும் நல்லாத்தானே இருக்க" என்றான்.

அவன் அறிந்த பாராட்டுகளில் அதுதான் உயர்ந்தது. ரைன்ஹில்டேயும் அதே மண்ணில் பிறந்தவள்தான், அவளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை. ஜன்னல் திறந்திருக்கிறதென்றும் பார்க்கவில்லை.

"லிடியாவோட இறகுக்குக் கீழ நான் படுக்க மாட்டேன். அவ வேர்வையையும் அவ இருமலையும் போர்த்திக்கிட்டு, அவ சாகற வரைக்கும் கெடந்த மாதிரி நானும் கெடக்கணுமா? ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கும், இல்லை நான் இருப்பேன்."

இருமல் என்ற சொல்லில் ஆய்கெனின் முகம் மாறியது. லிடியா நெஞ்சு நோயில் போனவள். அவன் அடுப்பை முழுக்க அணைத்தான், மாடிக்குப் போனான்.

அன்று பழம்பொருள் நாளுக்கு முந்தின சாயங்காலம். வருஷத்தில் இரண்டு தடவை நகராட்சி லாரி வந்து வீட்டுக்காகாத பெரிய சாமான்களை அள்ளிக்கொண்டு போகும். முந்தின நாளே எல்லோரும் உடைந்த நாற்காலி, பழைய அடுப்பு எல்லாவற்றையும் நடைபாதையில் கொண்டுவந்து வைப்பார்கள். வைத்தது யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கிறவர்கள் மட்டும் சும்மா காலாற நடப்பதுபோல் நடக்க வேண்டும். லாரி வருவதற்குள் ஒரு வீட்டுக் குப்பையில் பாதி இன்னொரு வீட்டுக் கூடத்துக்குப் போயிருக்கும்.

ஆய்கென் இரண்டு போர்வைகளையும் கட்டி அணைத்துக்கொண்டு படியிறங்கினான். ரைன்ஹில்டே சமையலறை வாசலில் நின்றாள். அவன் அவளைத் தாண்டி, தெருக்கதவைத் தாண்டிப் போய், நடைபாதையில் ஒரு துருப்பிடித்த அடுப்புக்கும் காலொடிந்த இஸ்திரி மேஜைக்கும் நடுவில் அவற்றை வைத்தான். ஒன்றின்மேல் ஒன்றாக, ஓரம் சரிபார்த்து வைத்தான். திரும்பி வந்து மேஜைமுன் உட்கார்ந்தான். சணலைக்கூட எறியாதவனின் கைகள் மேஜைமேல் வேலையில்லாமல் கிடந்தன.

"போயிடுச்சு" என்றான். "நீ இரு."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ரைன்ஹில்டே ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் ஏன் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை என்று அவளுக்கே புரியவில்லை. தெருவில் திரைகள் லேசாக விலகின. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கல்லில் ஈரம் ஏறத் தொடங்கியிருந்தது. கீழே இருக்கும் போர்வை ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் தூவி திரளும். திரண்டால் அவ்வளவுதான், கட்டி கட்டியாகக் கிடக்கும், ஆவியில் வைத்தாலும் பிரியாது. அடைத்துத் தைத்தவன் தொழில் தெரிந்தவன்தான்; கட்டங்களுக்கு எவ்வளவு நேர்த்தியாகச் சுவர் வைத்திருந்தான். இதையெல்லாம் நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைத்தாள்.

இந்த முட்டாள் வேறு. ஏமாற்றிவிட்டான்தான். ஆனால் ஏமாற்றத் தெரியாமல் காது சிவக்க ஏமாற்றினான். தனக்கிருந்த ஒரே நல்ல பொருளைப் பாதியாக்கிக் கொடுத்தான். அதை எறி என்றதும் எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கழுத்துக் கைக்குட்டைக்காரன் கடையில் போய் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தால் எந்தப் புருஷனும் செய்கிறதைச் செய்தவனாக இருந்திருப்பான். இருமலைப் பற்றிச் சொன்னதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மெக்டில்ட் கைவண்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தாள், இஸ்திரி மேஜையைப் பார்த்தாள், மேகத்தைக்கூடப் பார்த்தாள். பிறகு குனிந்து மேலே இருந்த போர்வையை ஒரு கசக்குக் கசக்கினாள்.

ரைன்ஹில்டே செருப்புக்கூட மாட்டவில்லை.

"கையை எடு" என்றாள், தெருவுக்கு வந்து.

மெக்டில்ட் நிமிர்ந்தாள். "வெளிய வெச்சாச்சே. வெளிய வெச்சது யாருக்கும் சொந்தமில்லை."

"எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவ? இயந்திரத்துல போட்டுச் சுத்துவ. ரோஜாத் தண்ணி ஊத்துவ. வெளிய எடுக்கறப்போ நனைஞ்ச பூனை மாதிரி இருக்கும், அதையும் மடிச்சு உச்சியில ஒரு வெட்டு வெட்டி வெப்ப. உன் கையில குடுக்கறதுக்கு அந்த வாத்துங்க உயிரோடயே இருந்திருக்கலாம்."

"லிடியா எனக்குத் தரேன்னுதான் சொல்லியிருந்தா."

"சாட்சி இருந்தா கூட்டிட்டு வா."

இரண்டு மூன்று ஜன்னல்கள் இப்போது நன்றாகவே திறந்திருந்தன. மெக்டில்ட் குரலை உயர்த்தினாள், அவர்களுக்கும் கேட்க வேண்டுமே. "லிடியாவோட இறகுக்குக் கீழ படுக்க மாட்டேன்னு கத்தினது யாரு? தெரு பூரா கேட்டுச்சு. இப்ப லிடியாவோடதை எதுக்கு இந்தப் பிடி பிடிக்கற?"

ரைன்ஹில்டே குனிந்து இரண்டு போர்வைகளையும் வாரி எடுத்தாள். கனமே இல்லை, ஆனால் மூக்குவரை வந்து முகத்தை மறைத்தது. அவற்றுக்கு மேலாகத் தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவர்களில் யாருக்கும் ஒழுங்காகப் படுக்கத் தெரியாது.

"லிடியா செத்துட்டா" என்றாள். "இது என்னோடது. உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான் பாரு, அவனும்தான்."